காலடி மண்ணின் கேள்விகள்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே அமைந்த கனகம்மாசத்திரம், பெயர் உணர்த்துவதுபோல, வழிச்செல்வோர் தங்கிச் செல்லும் ஊராகவே பலராலும் அறியப்படுகிறது. ஆனால் அவ்வூரை நடுவாக வைத்துப் பார்த்தால், நீரும் காற்றும் நகரும் விதத்தை ஆராயும் ஓர் அறிவியலின் முக்கியமான இடங்கள் பல அதைச் சுற்றி அமைந்திருப்பதைக் காணலாம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும், அணைகளையும் மதகுகளையும் சிறிய மாதிரிகளாகக் கட்டி அவற்றின் வழியே நீரை ஓடவிட்டுச் சோதிக்கும் தமிழக அரசின் நீரியல் ஆய்வு நிலையமும் அதன் அண்டையில் உள்ளன. வடக்கே எல்லையைத் தாண்டினால், கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் கால்வாயும், மேல்வளிமண்டலக் காற்றின் வேகத்தை அளக்கும் ரேடார் நிறுவப்பட்ட காதங்கியும், ராக்கெட்டுகள் காற்றைக் கிழித்து எழும் ஸ்ரீஹரிகோட்டாவும் இருக்கின்றன. ஆறு, கால்வாய், காற்று, ராக்கெட் ஆகிய நான்கையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியால் விளக்க முயலும் துறை பாய்ம இயக்கவியல். அத்துறையில் இந்தியாவிலிருந்தபடியே உலகம் ஏற்ற முடிவுகளைத் தந்தவர், 2020 டிசம்பர் 14 அன்று தம் 87-ஆம் வயதில் பெங்களூரில் காலமான பேராசிரியர் ரொத்தம் நரசிம்மா.

விமானவியலாளர், ஆய்வுக்கூட இயக்குநர், விண்வெளி ஆணைய உறுப்பினர், பத்ம விபூஷண் விருதாளர் என்று அவரைப் பற்றிச் சொல்லப் பல அடையாளங்கள் உண்டு. எனினும், பின்வரும் தலைமுறைக்கு அவர் விட்டுச்சென்ற மிகப் பெரிய செல்வம் அவருடைய ஆய்வுமுறையே ஆகும்: தன் காலடி மண்ணிலும் தன் தலைக்கு மேலுள்ள வானத்திலும் எழும் கேள்வியைச் சிறியதென்று ஒதுக்காமல், உலகின் எந்த ஆய்வுக்கூடமும் மதிக்கும் தரத்தில் அதற்கு விடை தேடுவது என்பதே அம்முறை. அதைத் தொடர்வதுதான் அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை என்பதை, அவருடைய பணிகள் சிலவற்றை அருகிருந்து பார்த்தால் உணரலாம்.

கொந்தளிப்பு என்னும் புதிர்

பாய்மம் என்பது நீர், எண்ணெய் போன்ற திரவங்களையும், காற்று, நீராவி போன்ற வாயுக்களையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகும். குழாயை மெல்லத் திறந்தால் நீர் கண்ணாடிக் கோல்போல் அசைவின்றி இறங்குவதையும், மேலும் திறந்தால் அதே நீர் கலங்கி, முறுக்கிச் சிதறி விழுவதையும் எல்லா வீடுகளிலும் காணலாம். முதல் நிலையில் நீரின் அடுக்குகள் ஒன்றோடொன்று கலவாமல் வழுக்கிச் செல்வதால் அதை அடுக்கு ஓட்டம் என்றும், இரண்டாம் நிலையில் பெரியவையும் சிறியவையுமான சுழல்கள் ஒழுங்கின்றிக் கலப்பதால் அதைக் கொந்தளிப்பு ஓட்டம் என்றும் அழைப்பர். ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் சாய இழையைச் செலுத்தி, வேகம், குழாயின் அகலம், நீரின் பாகுநிலை ஆகியவை சேர்ந்த ஒரே எண்ணே இம்மாற்றத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். பாகுநிலை என்பது பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் உராய்வுத் தன்மையாகும். பாய்மத்தின் நகர்வைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டபோதிலும், கொந்தளிப்பை அவற்றிலிருந்து முழுமையாக வருவிக்கும் வழி இன்றுவரை கிட்டவில்லை. அச்சமன்பாடுகளின் தீர்வுகள் எப்போதும் சீராக இருக்குமா என்ற கணிதக் கேள்விக்கு 2000-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பத்து லட்சம் டாலர் பரிசும் இன்னும் வழங்கப்படாமலே உள்ளது.

இப்புதிரின் ஒரு முனையை நரசிம்மா தம் இருபதுகளின் தொடக்கத்திலேயே பற்றினார். 1933 ஜூலை 20 அன்று பிறந்த அவர், பெங்களூரில் இயந்திரப் பொறியியல் முடித்து, இந்திய அறிவியல் கழகத்தின் விமானவியல் துறையில் சதீஷ் தவனின் மாணவரானார். விமான இறக்கையை ஒட்டி ஓடும் காற்றில், மேற்பரப்பைத் தொடும் காற்று அசையாமல் ஒட்டிக்கொள்ள, சற்றே விலகிய காற்று முழு வேகத்தில் செல்லும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய பகுதியை 1904-இல் லுட்விக் பிராண்டல் எல்லைப் படலம் என்று அடையாளம் காட்டியிருந்தார். இறக்கையின் முன்விளிம்பில் அடுக்கு ஓட்டமாகத் தொடங்கும் இப்படலம் பின்னால் செல்லச் செல்லக் கொந்தளிப்பாக மாறும். கொந்தளிப்பு மிகுந்தால் உராய்வு மிகும், உராய்வு மிகுந்தால் எரிபொருள் செலவும் வெப்பமும் மிகும் என்பதால், மாற்றம் எங்கே, எப்படி நிகழ்கிறது என்பது பொறியாளருக்கு இன்றியமையாத கேள்வியாகிறது.

மாற்றம் நிகழும் பகுதியில் ஓர் இடத்தில் உணர்கருவியை வைத்துப் பார்த்தால், ஓட்டம் சிறிது நேரம் அமைதியாகவும், பிறகு திடீரெனக் கலங்கியும், மீண்டும் அமைதியாகவும் மாறி மாறி வரும். படலத்தின் மேல் ஆங்காங்கே கொந்தளிப்புத் திட்டுகள் தோன்றி, வளர்ந்துகொண்டே கீழோட்டத்தில் நகர்வதே இதற்குக் காரணம் என்று 1951-இல் எம்மன்ஸ் கூறியிருந்தார். ஆனால் அத்திட்டுகள் எல்லா இடத்திலும் ஒரே வாய்ப்புடன் தோன்றுவதாகக் கொண்டு போட்ட கணக்கு சோதனையோடு பொருந்தவில்லை. திட்டுகள் பரவலாகப் பிறப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட கோட்டை ஒட்டியே செறிந்து பிறக்கின்றன என்ற கருதுகோளை 1957-இல் நரசிம்மா முன்வைத்ததும், ஓர் இடத்தில் ஓட்டம் எத்தனை பங்கு நேரம் கொந்தளிப்பாக இருக்கும் என்பதைத் தரும் எளிய வாய்பாடு பிறந்து, சோதனைப் புள்ளிகள் அனைத்தும் ஒரே வளைகோட்டில் வந்து அமர்ந்தன. அவ்வாய்பாட்டில் இடம்பெறும் 0.412 என்னும் எண்ணை இன்றும் ஜெட் என்ஜின் டர்பைன் இதழ்களை ஆராய்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். அடுத்த ஆண்டு தவனும் அவரும் சேர்ந்து இம்முடிவுகளை விரித்து வெளியிட்ட கட்டுரை, விடுதலை பெற்றுப் பத்தாண்டுகளே கடந்த ஒரு நாட்டில், அங்கேயே உருவாக்கிய கருவிகளால் உலக அறிவின் ஒரு பக்கத்தை எழுத முடியும் என்பதற்குச் சான்றாயிற்று.

கணிதத்தின் துணை

அமெரிக்காவின் கால்டெக்கில் ஹான்ஸ் லீப்மனிடம் 1961-இல் முனைவர் பட்டம் பெற்ற காலத்தில், நரசிம்மாவின் கவனம் மிக மெலிந்த வாயுக்களின் பக்கம் திரும்பியது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு முன் நெடுந்தொலைவு பறக்கும் நிலை வரும்போது, காற்றைத் தொடர்ச்சியான பொருளாகக் கருதும் சமன்பாடுகள் பொருந்தாமல் போகின்றன; அங்கு மூலக்கூறுக் கூட்டத்தின் வேகப் பரவலைச் சொல்லும் போல்ட்ஸ்மன் சமன்பாடே வழிகாட்டும். தீர்ப்பதற்கு மிகக் கடினமான அச்சமன்பாட்டில் மோதல்களின் சிக்கலான பகுதியை எளிதாக்கித் தரும் ஒரு மாதிரியை 1954-இல் மூவர் வெளியிட்டிருந்தனர். அவர்களுள் முதற்பெயராக நிற்கும் பிரபுலால் பட்நாகர், பின்னர் இந்திய அறிவியல் கழகத்தில் பயன்முறைக் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். ஒலியை விஞ்சிய வேகத்தில் செல்லும் பொருளின் முன் எழும் அதிர்ச்சி அலையின் உள்ளமைப்பை அந்த மாதிரியைக் கொண்டே லீப்மனும் நரசிம்மாவும் சாஹினும் 1962-இல் விளக்கினார்கள். இன்று உலகெங்கும் கணினியில் பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் முறைகளுள் ஒன்றுக்கு அடித்தளமாக இருப்பது பட்நாகரின் பெயர் தாங்கிய அதே மாதிரிதான் என்பது தமிழ் மாணவர்கள் அறிந்து பெருமைகொள்ளத்தக்க செய்தி.

கணிதத்தைக் கருவியாக மட்டும் கருதாமல், அது எங்கே பொருளை மறைக்கிறது, எங்கே வெளிப்படுத்துகிறது என்று பார்ப்பதில் நரசிம்மாவுக்கு இருந்த நுட்பத்துக்கு 1968-இல் வெளிவந்த அவருடைய தந்திக் கட்டுரையே எடுத்துக்காட்டு. வீணையின் தந்தியை மெல்ல மீட்டினால் அது ஒரே தளத்தில் அசையும் என்றும், அதன் இழுவிசை மாறாது என்றும் பாடநூல்கள் கொள்கின்றன. வலுவாக மீட்டும்போது தந்தி நீண்டு, இழுவிசை மாறி, ஒரு தளத்தில் தொடங்கிய அசைவு சுழற்சியாக மாறுவதைச் சரியான தோராயத்துடன் எழுதிக் காட்டினார் அவர். எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று தீர்மானிக்கும் அந்த நேர்மையே பயன்முறைக் கணிதத்தின் உயிர்நாடி.

1962-இல் பெங்களூருக்குத் திரும்பிய பின் அவரும் அவருடைய மாணவர்களும் எல்லைப் படலத்தை விட்டுவிடவில்லை. சுவரை ஒட்டிய கொந்தளிப்பில் அவ்வப்போது நிகழும் வெடிப்பு போன்ற எழுச்சிகள் எத்தனை காலத்துக்கு ஒருமுறை வருகின்றன என்பதைச் சுவரருகு அளவுகள் அல்ல, படலம் முழுவதன் அளவுகளே நிர்ணயிக்கின்றன என்று 1971-இல் கே. நரஹரி ராவ், பத்ரி நாராயணன் ஆகியோருடன் சேர்ந்து காட்டினார். கொந்தளித்த ஓட்டத்தை மிக வேகமாக முடுக்கினால் அது மீண்டும் அமைதியான ஓட்டமாகத் திரும்பக்கூடும் என்ற வியப்பூட்டும் நிகழ்வுக்கு, தம் மாணவர் கே. ஆர். ஸ்ரீனிவாசனுடன் 1973-இல் ஒரு கோட்பாட்டை அளித்தார். ராக்கெட்டின் பின்புறக் கூம்புக்குள் எரிவாயு குறுகிய வழியே பாய்ந்து முடுக்கம் பெறும்போது, சுவருக்குச் செல்லும் வெப்பம் எதிர்பார்த்ததைவிடக் குறைவதற்கு இந்நிகழ்வு ஒரு காரணமாகும் என்பதால், ஆய்வேட்டின் கணக்கு ஏவுதளத்தின் தேவையோடு கைகோத்தது.

நம் வானம், நம் மண்

ஐம்பது வயதை நெருங்கும்போது, விமான இறக்கையின் எல்லைப் படலத்தில் தேர்ந்த அந்த அறிஞர், பூமியின் எல்லைப் படலமான தரையொட்டிய வளிமண்டலத்தை நோக்கித் திரும்பியது இந்திய அறிவியலுக்கு வாய்த்த நல்லூழ். 1982-இல் இந்திய அறிவியல் கழகத்தில் வளிமண்டல அறிவியல் மையம் உருவாவதற்கு முன்நின்ற அவர், பருவமழைக் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியின் அடிப்படலத்தை அளக்க 1990-இல் நடந்த நாடளாவிய ஆய்விலும் முக்கியப் பங்கேற்றார். அதற்காக ஜோத்பூர், டெல்லி, வாராணசி, கரக்பூர் ஆகிய இடங்களில் 30 மீட்டர் உயரக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. தரையிலிருந்து காற்றுக்குச் செல்லும் வெப்பத்தைக் கணக்கிட உலகெங்கும் பயன்பட்ட வாய்பாடுகள், பெரும்பாலும் காற்று ஓரளவு வலுவாக வீசும் நாடுகளின் அளவீடுகளிலிருந்து பிறந்தவை. வெயில் கொளுத்தும்போது இலைகூட அசையாமல் காற்று ஓய்ந்து நிற்கும் வெப்பமண்டல நிலத்தில் அவை தவறிழைத்தன. ஜோத்பூர் அளவீடுகளை ஆராய்ந்த கே. ஜி. ராவும் நரசிம்மாவும், காற்று மிக மெல்லியதாக இருக்கும்போது மேலெழும் வெப்பத்தைத் தீர்மானிப்பது காற்றின் வேகமன்று, தரைக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடே என்று 2006-இல் நிறுவினர். திருத்தணி, திருவாலங்காடு வட்டாரத்தின் சித்திரை நண்பகலை அறிந்தவர்கள், இம்முடிவு எந்த நிலத்தின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

மேகம் அவரை இறுதிவரை ஈர்த்த பொருளாக இருந்தது. சூடான காற்று மேலெழுந்து குளிர, அதிலுள்ள நீராவி துளிகளாக மாறும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் மேகத்தை மேலும் உந்துகிறது. அதேநேரத்தில் மேகம் தன்னைச் சுற்றியுள்ள வறண்ட காற்றை எவ்வளவு உள்ளிழுக்கிறது என்பதைப் பொறுத்தே அது மழை மேகமாகுமா, கரைந்து போகுமா என்பது அமைகிறது. வானத்து மேகத்தைப் பிடித்து ஆராய முடியாதென்பதால், நரசிம்மாவும் அவருடைய சகாக்களும் அதை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்தனர். உப்பு நீக்கிய நீரில் சிறிதளவு அமிலம் கலந்த நீர்த்தாரையை மேலே செலுத்தி, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மெல்லிய கம்பி வலைகளுக்கிடையே மின்சாரம் பாய்ச்சினால், அமிலத்தால் மின்கடத்தும் தன்மை பெற்ற தாரை மட்டும் சூடாகிறது. அந்தச் சூடே உள்ளுறை வெப்பத்தின் இடத்தை நிரப்புகிறது. இவ்வாறு சூடேறும்போது தாரையின் பெரிய சுழல்கள் சிதைந்து, அது வெளிநீரை உள்ளிழுப்பது குறைகிறது என்றும், உண்மையான மேகங்களின் பல வடிவங்களை இத்தொட்டியிலேயே காண முடிகிறது என்றும் 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலக வானிலையாளர்களின் கவனத்தைப் பெற்றது. 2015 டிசம்பரில் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் கண்ட பெருமழையை நினைத்தால், எந்த மேகம் எவ்வளவு நீரைக் கொட்டும் என்ற கேள்வி, பூண்டியின் மதகுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவோடு நேரடியாகப் பிணைந்தது என்பது விளங்கும்.

இவ்வாய்வுகளுள் நம் மண்ணுக்கு மிக நெருக்கமானது ராமதாஸ் படலம் பற்றியது. பாலக்காட்டில் பிறந்தவரும் சி. வி. ராமனின் மாணவருமான எல். ஏ. ராமதாஸ், ஆத்மநாதனுடன் சேர்ந்து 1932-இல் ஒரு விந்தையை அறிவித்தார்: காற்றடங்கிய, மேகமற்ற இரவில், புல்லில்லாத வெறுந்தரையில், மிகக் குளிர்ந்த இடம் தரையன்று, தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே உள்ள காற்றே தரையைவிடச் சில பாகை குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று கீழிறங்க வேண்டுமென்ற பொதுவறிவுக்கு இது முரணாக இருந்ததால், கருவியின் பிழையாக இருக்கலாம் என்று பலர் ஐயுற்றனர். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1993-இல், வாசுதேவ மூர்த்தியும் ஜெ. ஸ்ரீனிவாசனும் நரசிம்மாவும், தரையும் காற்றும் வெப்பக் கதிர்களை வெளியிடும் விதத்தைக் கொண்டு இதற்கு ஒரு கணிதக் கோட்பாடு கண்டனர். பிற்காலத்தில், நரசிம்மா பணியாற்றிய ஜவஹர்லால் நேரு மையத்தின் ஆய்வாளர்களே அக்கோட்பாட்டில் இருந்த குறையைச் சுட்டி, காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் பங்கை முன்னிறுத்தினார்கள். ஓர் அறிஞரின் கோட்பாட்டை அவருடைய சொந்த நிறுவனமே சோதித்துத் திருத்த முடிவது, அவர் வளர்த்த அறிவுச் சூழலின் உயர்வையே காட்டுகிறது.

வரலாற்றில் கண்ட பாடம்

அறிவியலை வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கமும் அவரிடம் இருந்தது. மைசூர் ராக்கெட்டுகளையும் அவற்றுக்குப் பின் பிரிட்டனில் உருவானவற்றையும் ஒப்பிட்டு 1985-இல் அவர் எழுதிய ஆய்வு, இந்த வட்டாரத்தின் நினைவையும் தொடுகிறது. 1780 ஆகஸ்ட் இறுதியில் வடக்கிலிருந்து ஆங்கிலேயப் படையுடன் வந்த கர்னல் பெய்லி, வற்றிக் கிடந்த கொசஸ்தலையாற்றின் வடகரையில் முகாமிட, இரவில் வெள்ளம் பெருகி அவரை நாள்கணக்கில் தடுத்து நிறுத்தியது. அத்தாமதத்தில் சிக்கிய படை, செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் மைசூரின் ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படைகளிடம் முற்றாகத் தோற்றது. அப்போரில் பயன்பட்ட மைசூர் ராக்கெட்டுகளின் வலிமை, வெடிமருந்தை அடைத்த இரும்புக் குழலில் இருந்தது. இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியதால் அவை அக்கால ஐரோப்பிய ராக்கெட்டுகளைவிட நெடுந்தொலைவு சென்றன. ஆனால் கைப்பற்றப்பட்ட ராக்கெட்டுகளை வைத்துக்கொண்டு வில்லியம் காங்கிரீவ் பிரிட்டனின் வுலிச்சில் முறையான சோதனைகளைச் செய்தபோது, கைத்திறனில் முன்னின்ற நாடு, அளவீட்டையும் கோட்பாட்டையும் இணைத்த நாட்டிடம் பின்தங்கியது.

இதே பாடத்துக்குத் தமிழ் மண்ணில் இன்னொரு சுவடும் உண்டு. பறக்கும் குண்டைக் காற்று எவ்வளவு எதிர்க்கிறது என்பதை முதன்முதலில் முறையாக அளந்த பெஞ்சமின் ராபின்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்து, 1751-இல் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். காற்றெதிர்ப்பை அளந்த முன்னோடி ஒருவர் இந்த மண்ணிலேயே வாழ்ந்து மறைந்தும், அவருடைய அறிவு இங்கு வேரூன்றவில்லை. அறிவு ஓரிடத்தில் வந்து தங்குவதற்கும், அங்கே முளைப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை நிரப்புவது அளக்கும் பழக்கமும் கற்பிக்கும் நிறுவனங்களும்தாம். 1984 முதல் 1993 வரை நரசிம்மா தேசிய விமானவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தபோது, இந்தியாவின் முதல் இணைநிலைக் கணினியான புளோசால்வர் 1986-இல் அங்கு உருவானதும், இலகு ரகப் போர் விமானத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர் ஆற்றிய பங்கும், அப்துல் கலாமுடன் சேர்ந்து தம் ஆசிரியர் தவனுக்காக 1988-இல் ஒரு நூலைத் தொகுத்ததும் அத்தூரத்தைக் குறைக்க அவர் செய்த முயற்சிகளே.

செய்ய வேண்டியது

அவ்வகையில், அவருக்குச் செலுத்த வேண்டிய மரியாதைகளுள் முதலாவது, அளவீடுகளைத் தொடர்வதும் திறந்துவைப்பதும் ஆகும். கொசஸ்தலையாற்றின் நீர்மட்டம், நகரி ஆறும் நந்தி ஆறும் கொண்டுவரும் வெள்ளம், ஏரிகளின் மழையளவு ஆகியவற்றை மணிக்கணக்கில் பதிவுசெய்து, அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவர்கள் தடையின்றி எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தால், அடுத்த நரசிம்மாவுக்கான முதல் கேள்வி அந்த எண்களிலிருந்தே எழக்கூடும். இரண்டாவது, பூண்டியின் நீரியல் ஆய்வு நிலையத்தை ஆண்டில் சில நாள்களாவது இந்த வட்டாரப் பள்ளி மாணவர்களுக்கு முறையாகத் திறந்துவிடுவது. மதகிலிருந்து சீறிவரும் நீர் ஏன் ஓரிடத்தில் திடீரென எழும்பித் தன் வேகத்தை இழக்கிறது என்பதைக் கரும்பலகையில் படிப்பதற்கும், கைக்கெட்டும் தூரத்தில் மாதிரிக் கால்வாயில் காண்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. மூன்றாவது, பாய்மம், பாகுநிலை, எல்லைப் படலம், கொந்தளிப்பு போன்ற சொற்களைப் பள்ளிப் பாடத்தோடு நிறுத்திவிடாமல், பொறியியல் வகுப்புகளிலும் உரையாடும் தமிழாக வளர்ப்பது. தன் மொழியில் யோசிக்கும் மாணவருக்கே தன் ஊரின் காற்றைப் பற்றிக் கேள்வி கேட்கும் துணிவு வரும்.

இவற்றுக்கெல்லாம் நிதியும் அரசாணையும் தேவைப்படலாம். ஆனால் ஒன்றை வரும் மார்கழியிலேயே தொடங்கிவிடலாம். கனகம்மாசத்திரத்தைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு பள்ளியின் அறிவியல் ஆசிரியர், மேகமற்ற, காற்றடங்கிய ஓர் இரவில், அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் ஒரு காணியில் ஒரு மூங்கில் கழியை நட்டு, தரையிலும், பின் ஒரு சாண், இரு சாண், மூன்று சாண், ஓர் ஆள் உயரம் என்றும் வெப்பமானிகளைக் கட்டி, மாணவர்களை மணிக்கொரு முறை குறித்துக்கொள்ளச் சொன்னால் போதும். காட்டும் எண் காற்றின் வெப்பநிலையா, கருவியே குளிர்ந்ததால் வந்த பிழையா என்று ராமதாஸைத் தொல்லைப்படுத்திய அதே ஐயம் அந்தக் குழந்தைகளுக்கும் எழும்; அதைத் தீர்க்க அவர்கள் வெப்பமானிகளை இடம் மாற்றிக் கட்டியும், மறுநாள் இரவும் விழித்திருந்து அளந்தும் பார்ப்பார்கள். ரொத்தம் நரசிம்மா என்னும் பெயரை அவர்கள் அன்று கேட்டிராவிட்டாலும், அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையைத் தங்கள் சொந்த நிலத்தில் நின்று செய்துகொண்டிருப்பார்கள்.